வெள்ளிக்கிழமைச் சாவி

லியாகத் அலியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். "என்னப் பத்தி எய்த இன்னா கீது யாசினு? வரிசையில நின்னான், நின்னான், நின்னுகினே இருந்தான்னு எய்து. ஒரே வரி" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் அக்கா அஜீசுன்னிசாவைக் கட்டிக்கொண்ட இந்த மனிதர் தன் வயதில் பாதியை எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளின் வரிசையில்தான் கழித்தார். வீடு கல்மண்டபத்தில். ஆனால் அவரைப் பார்க்க வேண்டுமானால் அக்காவே என் பஞ்சர் கடைக்குத்தான் வருவாள். கடை திருவொற்றியூர் பக்கம் சாலையோரத்தில் இருக்கிறது. துறைமுக வாசலுக்குப் போகும் வரிசை என் கடை முன்னால்தான் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அந்த வரிசையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு லாரி துறைமுகத்துக்குள் போனால் பின்னால் உள்ள எல்லாம் ஒரு லாரி நீளம் நகரும். பிறகு நிற்கும். எப்போது மறுபடி நகரும் என்று எவனுக்கும் தெரியாது. நகர வேண்டிய நேரத்தில் நீ நகரவில்லை என்றால் பின்னால் இருப்பவன் ஒடித்துக்கொண்டு முன்னால் போய்விடுவான். அப்புறம் அடுத்தவனும் போவான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பத்து வண்டி உன்னைத் தாண்டியிருக்கும்.

ஆனால் டிரைவரும் மனிதன்தானே. குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், தொழ வேண்டும். அதற்காக வரிசைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்கிப் போகிறவன் தன் சாவியைப் பின்வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போவான். வரிசை நகர்ந்தால் பின்வண்டிக்காரன் முதலில் இவன் வண்டியை நகர்த்திவிட்டு, ஓடிப்போய்த் தன் வண்டியை நகர்த்துவான். அவன் போகும்போது இவன் செய்வான். இப்படி இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் வண்டியை மட்டுமா கொடுக்கிறோம், லைசென்சையும் பிழைப்பையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதனால் கண்டவனிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

என் மச்சானின் சாவி ஜெயவேலிடம் போகும். வியாசர்பாடிக்காரன். குள்ளமான, ஒடிசலான ஆள், சிரித்தால் முகம் முழுக்கப் பல். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே கன்டெய்னர் யார்டு, யார்டிலிருந்து கிளம்புவதும் ஒன்றாகத்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மச்சான் இறங்கும்போது சாவி ஜெயவேல் கைக்குப் போகும். மற்ற நாட்களில் பகல் சாப்பாட்டுக்கு ஜெயவேல் திருவொற்றியூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போவான். அப்போது அவன் சாவி மச்சானிடம் வரும். கடையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக நான் பார்த்த காட்சி இது. ஜெயவேல் என் அக்கா கையால் எத்தனை முறை பிரியாணி சாப்பிட்டிருக்கிறான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஒருநாள் கம்பெனி எல்லா வண்டியிலும் டிரைவரைப் பார்த்தபடி ஒரு சின்ன கேமராவை மாட்டியது. டிரைவர் கண் அசந்தால் கீச்சென்று கத்தும், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். வரிசைக்காரர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். "தோ, மாமியா பாத்துகினு கீறா, கொட்டாவி வுடாத" என்று ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டார்கள். மச்சானுக்கு அந்தக் கேமரா மேல் கோபம் இல்லை. தூங்கிப்போய்த் தடுப்பில் மோதிச் செத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

அதற்குச் சில மாதம் கழித்து எண்ணூர் யார்டில் ஒரு கூட்டம் போட்டார்கள். டீ, பிஸ்கட், பெரிய திரை. யார்டு சூப்பர்வைசர் பிரகாஷ் படம் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகம். கிரேனில் ஆள் இல்லை. கீழே ஓடுகிற லாரிகளில் ஆள் இல்லாதது மட்டுமில்லை, ஆள் உட்கார இடமே இல்லை. இன்னொரு நாட்டில் முன்னால் போகும் ஒரு லாரியில் மட்டும் டிரைவர், பின்னால் நான்கு லாரி தானாகவே வால்பிடித்துப் போகிறது. கேப்டன் இல்லாத கப்பல் வரும், சாமான் தூக்கும் ட்ரோன் வரும், சரக்குக்கென்றே தனி ரயில் பாதைகள் வரும், மனுஷனே டிரைவர் இல்லாத டாக்சியில்தான் போவான், உலகம் பூராவும் இப்படித்தான் ஆகப்போகிறது என்று பிரகாஷ் பேசிக்கொண்டே போனார். மச்சான் எழுந்து, "சார், அந்த வண்டி பஞ்சரானா யார் சார் எறங்குவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று கடைக்கு வந்து, "உனக்கு வேல கீதுடா யாசினு, எங்களுக்குத்தான் இல்ல" என்று என் முதுகில் தட்டினார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். உள்ளே பயம் இருந்தது. யார்டிலிருந்து துறைமுகம் வரை தனிப்பாதை போட்டு, டிரைவர் இல்லாத பேட்டரி லாரி விடப்போகிறார்கள். டிரைவர்களைப் படிப்படியாக நிறுத்திவிடுவார்கள். கண்ட்ரோல் ரூம் என்று ஓர் அறை வரும். அதில் உட்கார்ந்து திரையில் வண்டிகளைக் கவனிக்க வேண்டும். வண்டி குழம்பி நின்றால் அங்கிருந்தே ஓட்டி எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து படித்த பிள்ளைகளை எடுக்கப்போகிறார்கள். பழைய டிரைவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் இடம் உண்டு என்றார்கள்.

அந்த ஓர் இடம் என் மச்சானுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்கிறேன். அவருக்கு இடுப்பு எலும்பு விலகியிருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர், இனிமேல் கனரக வண்டி ஓட்டினால் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். வேறு வேலை அவருக்குத் தெரியாது. உட்கார்ந்து செய்கிற அந்த வேலை கிடைத்தால் குடும்பம் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அக்கா தினமும் துஆ கேட்டாள். மச்சானின் ஓட்டும் பதிவு சுத்தம். ஒரு மோதல் கிடையாது, ஓர் அபராதம் கிடையாது. உனக்குத்தான் பாய் என்று வரிசையே சொன்னது. ஜெயவேலும் சொன்னான். "நீ போய் குந்து மாமு. நான் எங்கனா ஆட்டோ ஓட்டிக்கிறேன்" என்று என் கடை வாசலில் நின்று, என் காதுபடச் சொன்னான்.

ஐப்பசி கடைசியில் பிரகாஷ் மச்சானை அறைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டு கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் போட்டார்.

மச்சானின் வண்டிதான், மச்சானின் சீட்தான். கதவு திறக்கிறது. முகத்தில் கண் மட்டும் தெரியும்படி துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவன் ஏறி உட்கார்கிறான், வண்டியை நகர்த்துகிறான், இறங்கிப் போகிறான். அடுத்த படம், அடுத்த வெள்ளிக்கிழமை. மறுபடியும் துண்டு. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அதே.

"பதிவான டிரைவரைத் தவிர வேற ஆள் ஓட்டினா கேமரா தானா குறிச்சுக்கும். இத்தனை வெள்ளிக்கிழமை உங்க பேர்ல குறிச்சிருக்கு. மத்தபடி உங்களுக்குத்தான் அந்த இடம்னு முடிவு பண்ணியிருந்தோம். யாருங்க இந்த ஆளு?" என்று பிரகாஷ் கேட்டார்.

"இந்த மாரி ஒரு ரூலு கீதுன்னு எங்களுக்கு யாருமே சொல்லலியே சார்" என்றார் மச்சான்.

"சொல்லாம இருப்போமா? அது கிடக்கட்டும், ஆள் யாரு? பேரைச் சொன்னீங்கன்னா, ஏதோ பழக்கத்துல பண்ணிட்டாருன்னு மேல பேசிப் பார்க்கிறேன்."

மச்சான் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் ஜெயவேலுக்கும் கறை விழும். சாவி வாங்கினவனைக் காட்டிக்கொடுப்பது வரிசையில் கிடையாது. ஒருநாள் டைம் கொடுங்க சார் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். ஜெயவேலிடம் சொன்னால் அவனே வந்து, நான்தான் சார், வரிசையில எல்லாரும் பண்றதுதான் என்று சொல்லிவிடுவான் என்று நம்பினார்.

கடைக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் பிரியல யாசினு. புழுதிக்குத் துண்டு கட்றேன்னு சொல்லிகினு இருந்தான், நானும் சரின்னு வுட்டேன். கடேசி படத்துல மய கொட்டிகினு கீது. கண்ணாடி பூரா தண்ணி. மயல எங்கடா வந்துச்சி புழுதி?"

எனக்கு உடனே ஜிவ்வென்று ஏறியது. ஜெயவேல் பகலில் தன் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. சர்க்கரை வந்துவிட்டது, பெண்டாட்டி வரலட்சுமி கேரியர் கட்டிக் கொடுக்கிறாள், வண்டியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். அதாவது, தன் சாவியை அவன் யாரிடமும் கொடுப்பதில்லை. மச்சானின் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தான். நான் இதைச் சொன்னதும் மச்சான் என் மேல் பாய்ந்தார். "வாய மூடு. அவனுக்கு மெய்யாலுமே சர்க்கர" என்றார்.

அன்று மாலையே என் பைக்கில் வியாசர்பாடிக்குப் போனோம். ஜெயவேலுக்குக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஜெயவேல் இன்னும் வரவில்லை. அவன் மனைவி வரலட்சுமி வாயெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தாள்.

"வாண்ணா, வா. யாசினும் வந்துகிறியா? குந்துங்க. அக்கா எப்டி கீது?"

டீ போட்டுக் கொடுத்தாள். அவளும் ஒரு பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அவளிடம் சூது எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

"இந்த கேரியர் கட்றதுதாண்ணா பெரிய பேஜாரா கீது. ரம்ஜானுக்கு முன்ன அந்த பிரகாஷ் சாரு சொன்னாரு பாரு, அதுலருந்து தெனம் விடிஞ்சா இதே வேல. சாவிய எவன் கைலயும் குடுக்காத, கேமரா எய்திக்கும், அப்பால ரூம் வேல கெடைக்காதுன்னாராமே. எங்க வூட்டு ஆளு ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம காசிமேட்டுலருந்து அவருக்கு வஞ்சிரம் வாங்கினு போய் குடுக்கும்ல, அந்தப் பயக்கத்துல சொன்னாராம். உனுக்கும் அக்காதான் சோறு கட்டிக் குடுக்குதாண்ணா?"

ரம்ஜானுக்கு முன்னால். இப்போது ஐப்பசி. நான் மச்சானின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"ஆமாம்மா. அக்காதான் கட்டுது" என்றார் மச்சான்.

அந்த நேரத்திலும் அந்தப் பெண்ணின் மனம் நோகக் கூடாது என்று நினைத்தார் பாருங்கள். எனக்கு அவர் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஜெயவேல் வந்தான். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். மச்சான் அவனை மாடி நடைக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தெரிஞ்சேதான் வாங்கினியா ஜெயா?"

"மாமு, நானா கேட்டேன்? நீதான குடுத்த."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். மச்சான் என் கையைத் தட்டிவிட்டார்.

"நான்தான் குடுத்தேன். ஒருநாள்கூடவா சொல்லணும்னு தோணல உனக்கு?"

"தோணாம இன்னா? ஒவ்வொரு வெள்ளிக்கெயமையும் நாக்கு வரைக்கும் வரும். இருக்கறது ஒரே சீட்டு. ரெண்டு பேரு ரெக்கார்டும் சுத்தமா இருந்தா உனுக்குத்தான் குடுப்பாங்க. எனுக்கும் வூடு கீது மாமு, பொண்ணு கீது. சீ, நான் பண்ணது கலீஜு வேலதான்."

அழுதான். நிஜமாகவே அழுதான், மூக்கெல்லாம் ஒழுகியது. பிறகு மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்குக் காலீல நானே போய் பிரகாஷ் சாராண்ட சொல்லிடறேன். துண்டு கட்னது நான்தான்னு சொல்லிடறேன். எம்பொண்ணு மதி மேல சத்தியம்" என்றான். உள்ளே மதி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மச்சான் பைக்கின் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். மனசு இறங்கிப்போன பேச்சு. பயத்துல பண்ணிட்டான், அவன் கெட்டவன் இல்ல, சீட்டு எனக்கு வந்தா அவனுக்கு வேற எதுனா பாத்துக் குடுக்கணும் என்றெல்லாம் சொன்னார். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் நான் திரும்பி, "நம்பறீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"பெத்த பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டான்டா" என்றார்.

மறுநாள் பதினோரு மணிவாக்கில் பிரகாஷ் கூப்பிட்டனுப்பினார். மச்சான் துவைத்துத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அறையில் பிரகாஷ் முகம் கொடுத்தே பேசவில்லை.

"ஜெயவேல் காலையிலேயே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றார்.

மச்சானுக்கு நிம்மதி. "அவன் மேல ஒண்ணும் நடவடிக்கை எடுக்காதீங்க சார்" என்றாராம்.

"அவர் மேல எதுக்கு எடுக்கணும்? உங்க வண்டிய நகர்த்தினது உங்க மச்சான்தானாமே. ரோட்டுல பஞ்சர் கடை வச்சிருக்காரே, யாசின். வெளியாள் கையில கம்பெனி வண்டியக் கொடுத்திருக்கீங்க பாய். கேஸ் போடாம விடறதே பெரிசு."

மச்சான் அப்போதுதான் சொன்னார். "சார், அது யாசின் இல்ல. ஜெயவேல்தான். அல்லா மேல ஆணையா ஜெயவேல்தான் சார்" என்றார்.

"நேத்துக் கேட்டப்ப ஏன் சொல்லலை? சொந்தக்காரரைக் காப்பாத்தத்தானே வாயத் திறக்கலை. இப்ப அவர் பேரு வெளிய வந்ததும் ஜெயவேல் பேரச் சொல்றீங்க. யார் நம்புவாங்க?" என்றார் பிரகாஷ்.

யாரும் நம்பவில்லை. நானும் ஒடிசலான ஆள்தான், துண்டுக்குள் எந்த முகம் இருந்தால் என்ன. கண்ட்ரோல் ரூம் சீட் ஜெயவேலுக்குப் போனது. மச்சானை அந்த வாரமே நிறுத்தினார்கள். கம்பெனி வண்டி எதுவும் என் கடையில் பஞ்சருக்கு நிற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று கடைக்கு வந்து இதைச் சொன்னபோது மச்சான் நின்றுகொண்டேதான் சொன்னார். டயர் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு கையாலும் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ரம்ஜான் மாசம் பூரா நோன்போட போய் சாவி குடுத்தேன்டா. கண்ணப் பாத்துதான் வாங்கினான். எனக்கும் சேத்து துஆ பண்ணு மாமுன்னான். நானும் பண்ணேன். பாவி, அவனுக்கு நல்லா இருக்கணும்னு பண்ணேன்டா. வயிறு எரியுது யாசினு."

அதற்கு நான் என்ன சொல்வது. எனக்கும் எரிந்தது, இன்னும் எரிகிறது. துரோகம் செய்தவன் அழுதான் என்பதற்காகக் கொஞ்சம் இளகினேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்னும் அதிகமாக எரிகிறது.

அதன்பிறகு பகலெல்லாம் மச்சான் என் கடையில்தான் இருந்தார். வால்வு பார்ப்பார், காற்றடிப்பார், குனிய முடியாது. பொங்கலுக்கு அப்புறம் தனிப்பாதையைத் திறந்தார்கள். என் கடைக்கு எதிரே மஞ்சள் கோடு போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். முதல் நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. கன்டெய்னரைச் சுமந்துகொண்டு தலையில்லாத ஒரு பலகை போல அந்த வண்டி சத்தமே இல்லாமல் போனது. மச்சான் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு வெயில் நேரம். நான் ஒரு டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மச்சானைக் காணோம். எதிரே, தடுப்புக்கு நடுவில் ஆள் கடக்க விட்டிருக்கும் இடைவெளியில் இறங்கி, மஞ்சள் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். யார்டிலிருந்து வந்த ஒரு வண்டி அவருக்குச் சற்று முன்னால் தானாகவே நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது.

"தயவுசெய்து பாதையை விட்டு விலகி நிற்கவும்" என்று வண்டியிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது. பதிவு செய்த குரல். மச்சான் நகரவில்லை. மறுபடி சொன்னது. நான் டயரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் பெண்குரல் நின்று ஏதோ கரகரத்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து ஆள் பேச வேண்டுமென்றால் அதிலேயே பேசலாம் போலிருக்கிறது.

"பாய்... நவுரு பாய்."

ஜெயவேல்.

மச்சான் வண்டியின் முன்பக்கக் கேமராவையே பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

"மாமு, வண்டி நின்னா எம்மேலதான் எய்துவாங்க. வெயில்ல நிக்காத, இடுப்பு நோவும். போ மாமு."

"மூஞ்சியக் காட்டு ஜெயா. நேர்ல எறங்கி வந்து மூஞ்சியக் காட்டிச் சொல்லு, நவுர்றேன்" என்றார் மச்சான்.

சாலையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். நான் மச்சானின் தோளைப் பிடித்தேன், உதறினார். இடுப்பு வலியில் கால் மாற்றி மாற்றி நின்றார், ஆனால் நகரவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான் என்று அவர் அப்போதும் காத்திருந்தார். எனக்குத் தெரியும், அவர் முகத்திலேயே அது இருந்தது. மன்னிச்சுக்கோ மாமு என்று அந்தப் பாழாய்ப்போன பெட்டி வழியாகச் சொல்லியிருந்தால்கூடப் போதும், அழுதுகொண்டே விலகியிருப்பார்.

மறுபடி கரகரத்தது. உள்ளே தூரத்தில் வேறு யாரோ அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஜெயவேலின் குரல் வந்தது, படித்த பிள்ளைகள் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக.

"சார், நீங்க யாருன்னு தெரியலை. தயவுசெஞ்சு பாதையை விட்டு விலகுங்க, சார்."

மச்சான் விலகிவிட்டார்.